ஓடுகிற சர்வரில் கை வைக்கலாமா?

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் இந்தக் கடற்கரையோரம் சர்வர் வைத்திருக்கிறவர்கள் யாரிடம் ஃபர்ம்வேரைப் (சர்வரின் பாகங்களுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பது பற்றிப் பேசினாலும் ஒரே பேச்சுதான். "நல்லாத்தானே ஓடுது, அதை எதுக்கு நோண்டணும்?" ஐஸ் கம்பெனி, மீன் ஏற்றுமதி ஆபீஸ், ஆஸ்பத்திரி, கல்லூரி, எல்லா இடத்திலும் இதைக் கேட்டாயிற்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையில் மதர்போர்டு போனால், நல்ல சப்போர்ட் ஒப்பந்தம் இருக்கிற ஆபீஸுக்குச் சில மணி நேரத்தில் ஆள் உதிரிபாகத்தோடு வந்து நிற்பார். நமக்கு அது மதுரை வந்து, மதுரையிலிருந்து கூரியரோ பஸ்ஸோ பிடித்து வரவேண்டும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் முடிந்தது கதை. அதுவும் இங்கே பெரும்பாலான இடங்களில் இருப்பது ஒற்றை சர்வர். இன்னொன்றுக்கு வேலையை மாற்றிவிட்டு இதைக் கழற்றலாம் என்கிற வசதியெல்லாம் கிடையாது.

அதனால் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. ஆனால் தொடாமல் விட்டால் பத்திரம் என்பது மட்டும் உண்மையில்லை. தொடாமல் விட்டதாலேயே சாகிற சர்வரும் உண்டு.

2019 நவம்பரில், ஹெச்பி சர்வர்களை விற்கிற ஹெச்பிஇ நிறுவனம் ஒரு அறிவிப்பு விட்டது. அவர்கள் சர்வர்களுக்காக விற்ற எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் சில மாடல்கள், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஹெச்பிடி8 என்ற ஃபர்ம்வேரை அதற்கு முன்பே ஏற்றிவிட்டால் தப்பிக்கலாம். ஏற்றாமல் அந்த மணியைத் தாண்டினால் டிஸ்க்கையும் மீட்க முடியாது, அதிலிருந்த தரவையும் மீட்க முடியாது என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள். 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. குறியோடு கூடிய 16 பிட் எண்ணில் அடங்கும் உச்சம் 32,767. மணியை எண்ணுகிற இடம் அதோடு நிரம்பிவிடும் என்பது புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும். நாலு மாதம் கழித்து, 2020 மார்ச்சில், வேறு சில மாடல்களுக்கு இதேபோல 40,000 மணி என்று இன்னொரு அறிவிப்பு வந்தது.

இதில் வயிற்றைக் கலக்குகிற சங்கதி எது என்றால், ரெய்டு இருக்கிறதே என்ற தைரியம் இங்கே செல்லாது. சர்வர் வாங்கும்போது எல்லா டிஸ்க்கையும் ஒரே பெட்டியில்தான் வாங்குகிறோம், ஒரே நாளில்தான் போடுகிறோம். எல்லாவற்றின் மணிக்கணக்கும் சேர்ந்தே ஏறுகிறது. ஒரு டிஸ்க் போனால் மற்றது தாங்கும் என்ற கணக்கில் போட்டதுதான் ரெய்டு. எல்லாம் ஒரே மணியில் போனால் ரெய்டு 5 ஆனால் என்ன, 6 ஆனால் என்ன?

2020 பொங்கல் முடிந்த கையோடு கீழக்கரைக்காரர் ஒருவருடைய மீன் ஏற்றுமதி ஆபீஸில் உட்கார்ந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டேலி, ஏற்றுமதிப் பத்திரங்கள், குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவு எல்லாம் அந்த ஒரே ஹெச்பி சர்வரில். பாய் கேட்டார், "தம்பி, ஓடிக்கிட்டிருக்கிறதுல எதுக்குக் கை வைக்கணும்ங்கிறீங்க?" நான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொரு டிஸ்க்கும் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று ரெய்டு கார்டின் மென்பொருளே சொல்லும். நாலு டிஸ்க், நாலு வரி, நாலிலும் அதே எண், 31 ஆயிரத்துச் சொச்சம். பக்கத்தில் மாடல் எண், அறிவிப்பில் இருந்த மாடல் எண்ணேதான்.

"இன்னும் எத்தனை நாளு இருக்கு?"

"ரெண்டு மாசம்கூட இல்ல பாய்."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப கை வச்சிருவோம். ஆனா டேலி போச்சுன்னா உங்களைத்தான் கேப்பேன்" என்றார். நியாயமான பேச்சு. பேக்கப்பில் இருந்து டேலி கம்பெனியை வேறொரு லேப்டாப்பில் திறந்து, கணக்குப்பிள்ளையை விட்டு முந்தின நாள் வவுச்சரைப் பார்க்கச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் டிஸ்க் வேலையைத் தொட்டேன். பேக்கப் 'சக்ஸஸ்' என்று பச்சையாகக் காட்டுவதை நான் நம்புவதில்லை. திறந்து பார்த்தால்தான் பேக்கப். டிஸ்க் விஷயத்தில் இது ரொம்பவே முக்கியம். சர்வரை எழுப்புகிற பயோஸ் என்ற ஃபர்ம்வேருக்குப் பழைய பதிப்பு என்று ஒன்று கைவசம் இருக்கும். டிஸ்க் ஃபர்ம்வேர் நடுவில் கெட்டுப்போனால் திரும்பிப் போக வழி பெரும்பாலும் கிடையாது.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் எப்போதும் புதுப் பதிப்பில் வைத்திருக்க வேண்டுமா? அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டைகளின் பெயர்களைக் கேட்டு உலகமே அலறிக்கொண்டு பயோஸ் ஏற்றியது. ஏற்றிய இன்டெல்லின் ஹாஸ்வெல், பிராட்வெல் பிராசஸர்கள் சில தானாக ரீபூட் ஆக ஆரம்பித்தன. ஜனவரி 22-ஆம் தேதி இன்டெல் நிறுவனமே அந்த பயோஸுக்குள் வந்த மைக்ரோகோடை (பிராசஸருக்கான திருத்தம்) ஏற்றுவதை நிறுத்துங்கள் என்று சொன்னது. டெல், ஹெச்பிஇ எல்லாரும் பயோஸைத் திரும்பப் பெற்றார்கள். முதல் வாரமே ஓடிப்போய் ஏற்றியவர்கள் பழைய பதிப்புக்கு இறங்கினார்கள்.

ஆக, சர்வர் என்று மொத்தமாகப் பேசுவதே தப்பு என்பது என் கட்சி. அந்தப் பெட்டிக்குள் பயோஸ், மேலாண்மைச் சிப், ரெய்டு கார்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு, பவர் சப்ளை என்று ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனி ஃபர்ம்வேர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் கேட்க வேண்டும். டிஸ்க்குக்குத் தரவு அழியும் வகைக் குறை என்று அறிவிப்பு வந்தால் அந்த வாரமே. மேலாண்மைச் சிப்புக்குப் பாதுகாப்பு ஓட்டை என்றால் அதற்கும் தாமதம் கூடாது. பயோஸுக்கு வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, வந்து கொஞ்ச நாள் ஆகட்டும், ஊரார் ஏற்றிப் பார்க்கட்டும் என்று விடலாம். நெட்வொர்க் கார்டுக்கும் ரெய்டு கார்டுக்கும், மேலே விஎம்வேர் (ஒரே சர்வரில் பல சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறதென்றால், இந்த ஃபர்ம்வேருக்கு இந்த டிரைவர் மென்பொருள் என்று ஜோடி சேர்த்து ஒரு பொருந்துப் பட்டியல் இருக்கிறது. ஒன்றை மட்டும் ஏற்றி மற்றதை விட்டால் வம்பு.

மேலாண்மைச் சிப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. ஹெச்பியில் ஐலோ, டெல்லில் ஐடிராக், லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி. சர்வர் அணைந்திருந்தாலும் கரண்ட் இருந்தால் அது விழித்திருக்கும். அதற்குத் தனி நெட்வொர்க் போர்ட், தனி பாஸ்வேர்டு. அது கையில் கிடைத்தால் சர்வரை அணைக்கலாம், ஏற்றலாம், வேறு ஓஎஸ் போட்டு பூட் செய்யலாம். 2017-இல் ஐலோ 4-இல் ஒரு ஓட்டை வெளிவந்தது, பதிவெண் சிவிஇ-2017-12542. வெப் கோரிக்கையில் 'கனெக்‌ஷன்' என்ற தலைப்பு வரியில் (ஹெட்டர்) ஏ என்ற எழுத்தை 29 முறை தட்டி அனுப்பினால் போதும், பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டுவிடும். 2.53-க்கு முந்தைய பதிப்புகள் எல்லாவற்றிலும் அது இருந்தது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முதலாளி துபாயிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். அங்கிருந்து பார்க்க வேண்டும் என்று சிசிடிவி போடுகிற பையனிடம் சொல்ல, அவன் ரவுட்டரில் எல்லாப் போர்ட்டையும் திறந்துவிட்டுப் போயிருப்பான். அதில் ஐலோவும் ஒன்றாக இணையத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் கதவை அடைத்துவிடுங்கள். ரெண்டும் வேண்டும்.

சரி, ஏற்றுவது என்று முடிவாகிவிட்டது. எப்போது? மீன் தொழிலைச் சேர்ந்த ஆபீஸ் என்றால் எனக்குப் பிடித்த காலம் தடைக்காலம்தான். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி வண்ணம் அடிக்கிற அதே நாட்களில் சர்வரையும் கரையேற்றிவிடலாம். அக்டோபருக்குப் பிறகு வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, இடி, மின்னல், புயல் எச்சரிக்கை, எப்போது லைன் போகும் என்று யாருக்கும் தெரியாது. நாள் குறிப்பதற்கும் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்ன ஊர்களில் இன்ன தேதி மின்தடை என்று நாளிதழில் வருமே, அதற்கு மறுநாளை எடுத்துக்கொள்வேன். முந்தின நாள்தான் கம்பத்தில் ஏறி மரக்கிளையெல்லாம் வெட்டி முடித்திருப்பார்கள். உத்தரவாதம் ஒன்றும் இல்லை, ஆனால் மற்ற நாட்களைவிடத் தேவலை.

கரண்ட் விஷயத்தில் யுபிஎஸ் இருக்கிறது என்று சொன்னால் அதை நம்பாதீர்கள். முந்தின நாளே மெயினை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கடற்கரை ஆபீஸ்களில் பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். முழு சார்ஜ் என்று விளக்கு எரியும், லோடு விழுந்ததும் சில நிமிடத்தில் கத்த ஆரம்பித்துவிடும். சர்வரில் ரெண்டு பவர் சப்ளை இருந்தால் ரெண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். ஒன்று யுபிஎஸ், இன்னொன்று வேறு யுபிஎஸ், அது இல்லாவிட்டால் ஸ்டெபிலைசர் வழியாக நேர் லைன். ஃபர்ம்வேர் ஏறும் நேரத்தில் யுபிஎஸ்ஸே மக்கர் செய்தாலும் இன்னொரு கால் ஊன்றி நிற்கும்.

இனி சொல்வதை மட்டுமாவது எல்லாரும் செய்யுங்கள். ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு முன் சர்வரைச் சும்மா ஒரு முறை முழுக்க ரீஸ்டார்ட் செய்யுங்கள். எதையும் மாற்றாமல், வெறுமனே. நம் பக்கம் சர்வர்கள் ஆண்டுக்கணக்கில் அணையாமல் ஓடுகின்றன. அதற்குள் உப்புக்காற்று மெமரி ஸ்டிக்கின் விளிம்பில் என்ன வேலை செய்திருக்கிறது, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா, யாரோ எப்போதோ மாற்றிவிட்டுச் சேமிக்காமல் விட்ட நெட்வொர்க் அமைப்பு என்ன ஆகும், எதுவும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் வெளியே தெரியாது, அணைத்து ஏற்றும்போதுதான் தெரியும். முதலிலேயே ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டால், அதில் தெரிவது பழைய நோய். பார்க்காமல் பயோஸ் ஏற்றி, அந்த ரீஸ்டார்ட்டில் ஒரு மெமரி ஸ்டிக் காணாமல் போனால், பழி ஃபர்ம்வேர் மேல் விழும், ஏற்றியவன் மேல் விழும். ராமேஸ்வரம் தீவுப் பக்கம் ஓர் ஆபீஸில் அப்படி வெறும் ரீஸ்டார்ட்டிலேயே ஒரு மெமரி ஸ்டிக் கிடைக்கவில்லை என்று திரையில் வந்தது. கழற்றிப் பார்த்தால் தங்க முலாம் பூசிய கால்களுக்கு நடுவே மெல்லிசாகப் பச்சைக் கறை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துத் திரும்பப் போட்டதும் வந்துவிட்டது. அன்றைக்கு ஃபர்ம்வேர் பக்கமே போகவில்லை. ஒரு வாரம் ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

ரீஸ்டார்ட் ஆகும்போதே பயோஸ் திரைகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட் முறை புதிய யூஇஎஃப்ஐயா பழைய லெகசியா, விர்ச்சுவலைசேஷன் இருக்கிறதா, பூட் வரிசை என்ன. ஏற்றிய பிறகு ஏதாவது ஒன்று தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருந்தால் ஞாபகத்தை நம்பி மல்லுக்கட்ட வேண்டாம். டெல்லில் முழு அமைப்பையும் ஒரு ஃபைலாகவே வெளியே எடுக்கலாம். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பயோஸ் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பூட்டின் சாவியைக் காக்கிற டிபிஎம் சிப் இது வேறு மெஷின் என்று நினைத்துக்கொள்ளும், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி அதே சர்வருக்குள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும்.

ஃபைலை எங்கிருந்து எடுப்பது என்பதில் பழைய சர்வர் வாங்கியவர்களுக்குச் சிக்கல். 2014-இல் ஹெச்பி ஒரு முடிவெடுத்தது. புரோலையன்ட் சர்வர்களின் பயோஸும் மொத்தத் தொகுப்பும் வாரண்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ இருப்பவர்களுக்கு மட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறவர்கள் இதனால் யாரோ கூகுள் டிரைவில் போட்டுவைத்த ஐஎஸ்ஓவை (முழுத் தொகுப்பும் அடங்கிய ஒற்றை ஃபைல்) தேடிப் போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐலோ ஃபர்ம்வேர் பொதுவாகவே கிடைக்கிறது, அதுபோதும் பல நேரம். எங்கிருந்து எடுத்தாலும், ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ-256 கூட்டு எண்ணை நிறுவனத்தின் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பல ஜிபி ஃபைல், மொபைல் டேட்டாவில் இறங்கும்போது பாதியில் அறுந்திருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம், லேப்டாப்பில் ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு வைஃபை வழியாக ஐலோவில் மாட்டி பூட் செய்கிற வேலை வேண்டவே வேண்டாம். வைஃபை ஒரு கணம் விட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். பென்டிரைவில் போட்டு, நேரே போய், சர்வரின் பின்னால் செருகுங்கள்.

வரிசையில் நான் மேலாண்மைச் சிப்பை முதலில் ஏற்றுவேன். அது ரீஸ்டார்ட் ஆகும்போது சர்வரின் வேலை நிற்காது, தவிர மற்றதை ஏற்றப் போவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போக முடியாமல் நடுவில் ஒரு பதிப்பில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். குறிப்பிட்ட பதிப்புக்கு மேல் போனால் கீழே இறங்க முடியாது என்றும் இருக்கும். இரண்டும் வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருக்கும், ஆங்கிலத்தில், சலிப்பூட்டும் நடையில், பக்கம் பக்கமாக. டீயைக் குடித்துக்கொண்டாவது படித்துவிடுங்கள்.

பயோஸ் ஏறும்போது உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வேலை. திரை கறுப்பாகிவிடும். ஃபேன்கள் முழு வேகத்தில் ஓலமிடும். பிறகு தானாக அணையும், ஏறும், மறுபடி அணையும். மெமரி நிறைய இருந்தால் அதைப் பழக்கிக்கொள்ளவே நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவருக்குக் கை துறுதுறுக்கும். பாய் ஆபீஸில் அவருடைய மச்சான் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஹேங் ஆயிருச்சுபோல, ஒருக்கா ஆஃப் பண்ணிப் போட்டா என்ன?" என்று பட்டனுக்கே விரலைக் கொண்டுபோனார். "மாமா, அதைத் தொட்டீங்கன்னா இது வெறும் தகரப் பெட்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் ஏற்றும் நேரத்தில் பவர் பட்டன் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுகிறேன். ஹெச்பி சர்வர்களில் மாற்று ரோம் என்று பயோஸின் இன்னொரு பிரதி இருக்கிறது, டெல்லிலும் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்கிறது. இருக்கிறதே என்று அதை நம்பிப் பட்டனை அமுக்கக் கூடாது.

முடிந்தது என்று திரையில் வந்துவிட்டால் முடிந்ததா? 2021 டிசம்பரில் ஈரானைச் சேர்ந்த அம்ன்பர்தாஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஐலோவுக்குள் புகுந்து ஒளிந்திருந்த ஒரு நச்சு மென்பொருளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஐலோபிளீட் என்று அதற்குப் பெயர். நீங்கள் புது ஃபர்ம்வேர் ஏற்றினால் அது ஏற்றவிடாது, ஆனால் ஏறிவிட்டதாகக் காட்டும், பதிப்பு எண்ணைக்கூட மாற்றிக் காட்டும். லாகின் பக்கத்தின் தோற்றம் மட்டும் பழையதாகவே இருந்தது. நம் ஆபீஸ்களுக்கு அந்த அளவுக்குச் சூனியம் வைக்க யாரும் வரப்போவதில்லை என்றாலும், பதிப்பு எண்ணை ரெண்டு இடத்தில் பார்க்கும் பழக்கம் நல்லது. ஐலோ பக்கத்தில் ஒன்று, ஓஎஸ்ஸுக்குள்ளிருந்து ஒன்று. பிறகு நிகழ்வுப் பதிவு, ரெய்டு நிலை, ஃபேன் வேகம், தேதி. கடைசியாக, யார் அந்த சர்வரில் தினமும் வேலை பார்க்கிறாரோ அவரையே உட்காரவைத்து ஒரு பில் போட்டு பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

பாய் ஆபீஸில் டிஸ்க்குகளுக்கு ஹெச்பிடி8 ஏறியது, அவை 32,768-ஐத் தாண்டி ஓடின. ஐலோவும் பயோஸும் வேறு ஒரு தடைக்காலத்தில் ஏறின. பவர் சப்ளையின் ஃபர்ம்வேர் ஒன்று பாக்கி இருப்பதாக ஐலோ பக்கத்தில் இன்னும் மஞ்சளாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் குறிப்பைப் படித்துப் பார்த்தேன். நம்மிடம் இல்லாத ஒரு மாடல் பெட்டியோடு சேர்த்து வைத்தால் வரும் கோளாறுக்கான திருத்தம் அது. "மஞ்சளாத் தெரியுதே தம்பி, ஏத்தலையா?" என்று போகும்போதெல்லாம் இப்போது பாய்தான் கேட்கிறார். ஏற்றவில்லை.